அபிநயாவின் பெயரில் ஓர் எண்ணூறு மீற்றர்

1

சென்ற மாதம் ஒரு காலையில், ஹனோவரில் ட்ராம் வண்டிக்காகக் காத்து நின்றபோது, என் கைபேசிக்கு இரண்டு செய்திகள் அடுத்தடுத்து வந்தன. ஒன்று, யாழ்ப்பாணத்தில் நான் படித்த கல்லூரியின் வருடாந்த மெய்வல்லுநர் போட்டிக்கான அழைப்பிதழ். மற்றது, இங்குள்ள எங்கள் பழைய மாணவர் சங்கக் கிளையின் மூத்த உறுப்பினரான சிவபாலன் அண்ணையின் இளைய மகள் அபிநயா இறந்து ஓராண்டு நிறைவதற்கான ஆட்டைத் திவச அறிவித்தல். இரண்டும் ஒரே சனிக்கிழமைக்கு உரியவை.

அழைப்பிதழை விரித்துப் பெண்களுக்கான எண்ணூறு மீற்றர் ஓட்டத்தைத் தேடினேன். இருந்தது. அதனருகே இருக்கவேண்டும் என்று ஒரு தந்தை ஆசைப்பட்ட பெயர் இருக்கவில்லை. இராது என்பது எனக்கு முன்பே தெரியும். தெரிந்திருந்தும் தேடினேன்.

எங்கள் ஊரை அறியாமல் இக்குறிப்புகளை வாசிப்பவர்களுக்கு எங்கள் கல்லூரியை அறிமுகப்படுத்துவது என் கடமை. பெயரில் கல்லூரி; அளவில் மிகச் சிறியது. உயர்தரத்தில் கலைப்பிரிவு மட்டுமே உண்டு. விஞ்ஞானம் படிக்க விரும்பும் பிள்ளை நகரத்துப் பெரிய கல்லூரிக்குப் போய்விடும். மிஞ்சியவர்கள் நாங்கள், வரலாறும் தமிழும் நாடகமும் படித்தவர்கள், வாதாடியவர்கள், ஓடியவர்கள். மிஞ்சியவர்கள் என்ற சொல்லை நான் தலைநிமிர்ந்தே எழுதுகிறேன். பெரிய கல்லூரிகளின் விவாத அணிகளை மேடையிலே மறுமொழியின்றி நிற்கவைத்தவர்கள் அந்த மிஞ்சியவர்கள்தாம். அவர்களுக்குத் தலைவியாக இருந்தவள் நான்.

2

நான் படித்த காலத்தில் எங்கள் மைதானத்து ஓடுபாதை என்பது, போட்டிக்கு முதல்நாள் சுண்ணாம்பால் கீறப்படும் ஒரு நம்பிக்கை. மழை பெய்தால் அந்த நம்பிக்கை கரைந்துவிடும். பிள்ளைகள் வெறுங்காலோடு ஓடினார்கள். உயரம் பாய்கிறவர்கள் வைக்கோலின்மேல் விழுந்தார்கள். வலயப் போட்டியில் வென்ற பிள்ளையை மாகாணப் போட்டிக்கு அனுப்புவதற்கு, விளையாட்டு ஆசிரியர் ஓய்வறையில் சக ஆசிரியர்களிடம் கையேந்தியதை நான் கண்டிருக்கிறேன்.

இன்று அங்கே ஆணிச் சப்பாத்து உண்டு. பாய்வதற்கு மெத்தை உண்டு. தடைதாண்டலுக்கு உரிய தடைகள், நீளம் பாய்தலுக்குச் சலித்த மணல், காலைப் பயிற்சிக்குப் பின் அவித்த கடலையும் முட்டையும் பாலும், வெளியிலிருந்து வரும் பயிற்றுநருக்கு மாதக் கொடுப்பனவு, தூரப் பயணத்துக்கு வாகனம் எல்லாம் உண்டு. பெரிய கல்லூரிகளின் பெயர்கள் மட்டுமே கேட்டுப் பழகிய மாகாண மைதானத்தின் ஒலிபெருக்கி, எங்கள் சிறிய கல்லூரியின் பெயரையும் உச்சரிக்கப் பழகிவிட்டது. அரசு செய்ததல்ல அது. ஜேர்மனியில் பொதி பிரிக்கும் நிலையங்களிலும் உணவகச் சமையலறைகளிலும் முதியோர் இல்லங்களிலும் உழைப்பவர்கள் செய்தது.

அவர்கள் கொடுப்பதற்கு ஒரு முறை இருக்கிறது. வெறுமனே கொடுப்பதில்லை, இறந்தவர் ஒருவரின் பெயரால் கொடுப்பார்கள். அந்தக் குடும்பத்தின் கொடை மைதானத்துக்குப் போகும். இறந்தவரின் பெயர் ஒரு போட்டிக்குப் போகும். நூறு மீற்றர் ஒருவருடைய தந்தை. ஈட்டி எறிதல் இன்னொருவருடைய மாமனார். ஓட்டம் தொடங்குமுன் அறிவிப்பாளர், “அமரர் இன்னார் ஞாபகார்த்தக் கிண்ணத்துக்கான” என்று முழங்குவார். இங்கே வரவேற்பறையில் நேரலையைப் பார்த்துக்கொண்டிருக்கும் குடும்பம் அந்த ஒரு வரிக்காக மூச்சைப் பிடித்துக் காத்திருக்கும்.

மூன்றாண்டுகளுக்கு முன், கொலோனில் நடந்த எங்கள் சங்கத்தின் விழாவில் சிறப்புரை ஆற்றும் பொறுப்பு எனக்குத் தரப்பட்டது. “கல்லில் எழுதிய பெயரைக் காலம் தேய்த்துவிடும், ஒரு பிள்ளையின் கால்கள் சுமக்கும் பெயரை ஆண்டுதோறும் மண் புதிதாகக் கேட்கும். உங்கள் உறவுகளை எங்கள் மைதானத்தில் ஓட விடுங்கள்” என்றேன். மண்டபத்தில் கரண்டிகளின் ஓசைகூட நின்றது. அந்த அமைதியை நான் அறிவேன். பேச்சாளருக்குக் கிடைக்கும் மிகப்பெரிய பரிசு அது. விழா முடிவதற்குள் பெயரில்லாத போட்டிகள் அனைத்துக்கும் பெயர் கிடைத்தது. எங்கள் பொருளாளர் சிரித்துக்கொண்டு வந்தார்.

“பிள்ளை, கயிறிழுவையும் போச்சு. சாக்கோட்டமும் போச்சு. இனி நீ இன்னொருக்காப் பேசினா, மைதானத்துக்குத் தண்ணி தெளிக்கிற குழாய்க்குத்தான் பேர் வைக்கோணும்.”

நானும் சிரித்தேன்.

3

சிவபாலன் அண்ணை அந்த விழாவில் எந்தப் போட்டிக்கும் பெயர் கொடுக்கவில்லை. “எனக்குக் குடுக்கிறதுக்கு ஆக்கள் ஒருத்தரும் சாகேல்லை” என்று சொல்லி, பெயரில்லாமலே சப்பாத்துகளுக்குக் கொடுத்தார். வாரம் முழுவதும் பொதி நிலையத்தில் வேலை. சனிக்கிழமைகளில் தன் காரில் ஊர் ஊராகப் போய் உறுப்பினர்களைச் சந்தித்துக் கல்லூரி விளையாட்டுக்காகக் கொடை சேர்ப்பார். கல்லூரியில் எந்தப் பிள்ளை எந்த ஓட்டத்தில் எத்தனையாவதாக வந்தாள் என்பது அவருக்கு மனப்பாடம்.

அபிநயா ஹனோவரில் பிறந்தவள். இயன்மருத்துவம் பழகும் மூன்றாண்டு அவுஸ்பில்டுங் என்ற தொழிற்பயிற்சியில் இருந்தாள். இந்நாட்டில் பிள்ளைகள் பாடசாலைக்காக அல்ல, ஊர்க் கழகத்துக்காகவே ஓடுகிறார்கள். அவளும் அப்படி ஒரு கழகத்துக்காக எண்ணூறு மீற்றர் ஓடினாள். என்னைக் கண்டால் கேலி செய்யாமல் விடமாட்டாள்.

“அக்கா, நீங்கள் குடிக்க ரீ வேணுமோ எண்டு கேட்டாலே நியூஸ் வாசிக்கிற மாதிரித்தான் கிடக்கு.”

“நல்ல தமிழ் அப்படித்தான் இருக்கும்.”

“அப்ப என்ர தமிழ்?”

“உன்னுடையது ஓட்டத் தமிழ். பாதி வசனம் வழியிலேயே விழுந்துவிடுகிறது.”

“பரவாயில்லை. ஃபினிஷுக்கு வந்துடுறன்தானே!”

சென்ற ஆண்டு தொடக்கத்தில், அவள் சைக்கிளில் வகுப்புக்குப் போகும் வழியில், வலப்பக்கம் திரும்பிய பாரவூர்தி ஒன்று அவளைக் காணவில்லை. அதற்கு மேல் அதைப் பற்றி எழுத எனக்கு விருப்பமில்லை. இறுதிச் சடங்கில் கழகத்துப் பெண்கள் ஒரே நிற மேற்சட்டையோடு ஒரு வரிசையாக நின்றார்கள். சிவபாலன் அண்ணை அவர்களுள் ஒருத்தியின் பெயரையும் அறிந்திருக்கவில்லை. அவருடைய மனைவி மலர் அக்கா ஒவ்வொருத்தியையும் பெயர் சொல்லி அணைத்துக்கொண்டார்.

அஸ்தியை ஊருக்குக் கொண்டுபோய்க் கீரிமலைக் கடலில் கரைக்க வேண்டுமென்று அண்ணை விரும்பினார். இந்நாட்டில் சாம்பலைப் பெற்றோரின் கையில் கொடுக்கமாட்டார்கள். எங்கே அடக்கப்போகிறீர்கள் என்பதற்கு அத்தாட்சி வேண்டும். அந்த அத்தாட்சிக்கு ஓர் அன்ட்ராக், அதாவது விண்ணப்பம். அதைக் கொடுப்பதற்கு நாளும் நேரமும் குறித்த ஒரு டெர்மின். இரண்டு மாதம் அலைந்த பின் மலர் அக்கா, “பிள்ளையை இனியும் அலைக்காதேங்கோ, இஞ்சையே வைப்பம்” என்றார்.

மயான அலுவலகத்துக்கு அண்ணையோடு மொழிபெயர்ப்பாளராக நான் போனேன். மேடையில் குறிப்பின்றி முழங்கும் நான், அங்கே கல்லறை என்ற சொல் ஜேர்மன் மொழியில் எந்தப் பால் என்று தெரியாமல் மூன்று முறை தடுமாறினேன். எதிரே இருந்த அம்மையார் திருத்தவில்லை. அவர் திருத்தாமல் விட்டதை ஒரு கருணையாகவே ஏற்றுக்கொண்டேன். கல்லறை குறிப்பிட்ட ஆண்டுகளுக்கு மட்டும் உரியது, தவணை முடிந்ததும் புதுப்பிக்காவிட்டால் கல்லை அகற்றிவிடுவார்கள் என்று அவர் விளக்கினார். நான் அதைத் தமிழில் சொன்னேன்.

“நாங்களும் போனாப் பிறகு?” என்றார் அண்ணை.

நான் அதை மொழிபெயர்க்கவில்லை.

வெளியே வந்து காரின் கதவைத் திறந்தவர் உள்ளே ஏறாமல் நின்றார்.

“தங்கச்சி, நீ அண்டைக்குக் கொலோனில பேசினியே... கல்லுத் தேயும், கால் சுமக்கும் எண்டு. அது மேடைக்குச் சொன்னதோ, மெய்யாச் சொன்னதோ?”

“மெய்யாகத்தான் சொன்னேன், அண்ணை.”

“அப்ப என்ர பிள்ளைக்கு ஒரு எண்ணூறு மீற்றர் வாங்கித் தா.”

4

கல்லூரி அதிபரிடம் தொலைபேசியில் பேசினேன். அவர் நல்லவர், தயங்கித் தயங்கிப் பேசினார். பெண்கள் எண்ணூறு மீற்றருக்கு ஏற்கெனவே பெயர் இருக்கிறது. எல்லாவற்றுக்குமே இருக்கிறது. “சின்னப் பிள்ளையளுக்குப் பலூன் உடைக்கிற போட்டி ஒண்டு புதுசாத் தொடங்கிறம். அதைத் தரலாம். அல்லது தேசிக்காய்க் கரண்டி ஓட்டத்தைக் குடுத்தவை ஒருவேளை விட்டுக்குடுப்பினம்...” என்றார். அபிநயா எண்ணூறு மீற்றர் ஓடியவள் என்றேன். “அப்ப நீங்கள் கொலோனில அருளம்பலத்தாரைத்தான் கேக்கோணும்” என்றார்.

அருளம்பலம் அண்ணையின் தங்கை வசந்தி, எங்கள் கல்லூரியில் எண்ணூறு மீற்றர் ஓடியவர். போரின் கடைசி மாதங்களில் காணாமற்போனார். எண்ணூறு மீற்றருக்கு அவர் பெயர்தான்.

கொலோனுக்குப் போகும் ரயிலில் என் வாதங்களை ஒழுங்குபடுத்தினேன். எதிர்த்தரப்பு என்ன சொல்லும், அதற்கு நான் என்ன சொல்வேன் என்று வழமைபோல் எழுதிக்கொண்டேன். வென்றுவிடுவேன் என்றே நம்பினேன்.

அருளம்பலம் அண்ணை தனியாக வாழ்கிறார். பால் விடாத பிளேன் ரீயும் கடையில் வாங்கிய கேக்கில் இரண்டு துண்டும் வைத்துவிட்டு எதிரே அமர்ந்தார். நான் பேசினேன். வசந்தியின் பெயர் பல ஆண்டுகளாக ஒலித்துவிட்டது. அபிநயாவின் பெயர் ஒருமுறைகூட அங்கே ஒலிக்கவில்லை என்றேன். வசந்திக்கு வேறொரு பெரிய விருதை, சிறந்த வீராங்கனைக்கான கேடயத்தையே, அதிபரோடு பேசி வாங்கித் தருவேன் என்றேன். ஒரு தந்தையின் துயரத்துக்கு ஓர் அண்ணனின் துயரம் கைகொடுப்பதைவிடப் பெரிய கொடை எது என்று கேட்டு முடித்தேன்.

அவர் ரீயை எடுத்து ஊதினார்.

“முடிச்சாச்சோ?”

“ஓம் அண்ணை.”

“வடிவாக் கதைக்கிறீர். கேக்கைச் சாப்பிடும்.”

நான் தொடவில்லை.

“அந்தப் பிள்ளையின்ர செத்தவீட்டுக்கு நானும் வந்தனான், பிள்ளை. சிவபாலன்ர கையைப் பிடிச்சு அழுதனான். அவன் என்ர ரெண்டு கண்ணையும் கேட்டாலும் குடுப்பன். ஆனா இது ஏலாது.”

“இரண்டு பெயரையும் சேர்த்தே வைக்கலாமே, அண்ணை? வசந்தி கிண்ணமும் அபிநயா ஞாபகார்த்தக் கிண்ணமும். ஒரு ஓட்டம், இரண்டு கிண்ணம். யாருக்கும் இழப்பில்லை.”

இதுவே என் கடைசி வாதம். மறுக்க முடியாதது என்று ரயிலில் அடிக்கோடு இட்டு வைத்திருந்தது. அவர் கோப்பையைக் கீழே வைத்தார்.

“நீர் போட்டி அழைப்பிதழ் ஒவ்வொரு வருசமும் பாக்கிறனீர்தானே? எல்லாற்ற பேருக்கும் முன்னால அமரர் எண்டு போட்டிருக்கும். வசந்திக்குப் போட்டிருக்கோ?”

போட்டிருக்கவில்லை. வசந்தி கிண்ணம் என்று மட்டுமே இருக்கும். நான் அதை ஒவ்வோர் ஆண்டும் பார்த்திருக்கிறேன். இடநெருக்கடி என்று எண்ணியிருக்கிறேன்.

“போட நான் விடேல்லை. மரணச் சான்றிதழ் தாறம், கையெழுத்து வையுங்கோ எண்டு ஊரில கேட்டவங்கள். அதுக்கும் நான் விடேல்லை. என்ர அம்மா விடாமல் செத்தவ. இப்ப நான்தான் மிச்சம். வருசத்தில ஒரு நாள், அந்த மைதானத்தில மட்டும்தான், அவளின்ர பேரை உயிரோட இருக்கிற ஆளின்ர பேர் மாதிரிச் சொல்லுறாங்கள். செத்த பிள்ளையின்ர பேரைப் பக்கத்தில வைச்சா, கேக்கிற சனம் ரெண்டையும் ஒண்டாத்தானே கேக்கும்? அந்த நிமிசத்தோட என்ர தங்கச்சியும் செத்துப்போவாள், பிள்ளை.”

எழுதி வைத்திருந்த தாளை மடித்துப் பைக்குள் வைத்தேன். விவாதத்தில் தோற்றால் நடுவரைக் குறைசொல்லலாம், நேரத்தைக் குறைசொல்லலாம். இங்கே இரு தரப்பிலும் நியாயம் இருந்தது. இரண்டுக்கும் இடம் கொடுக்க ஓடுபாதையில் இடம் இருக்கவில்லை. புறப்படும்போது கேக்கை ஒரு கடதாசியில் சுற்றி என் பைக்குள் வைத்தார்.

“சிவபாலனிட்டச் சொல்லும், நான் இல்லை எண்டு சொன்னனான் எண்டு. ஏன் எண்டும் சொல்லும். அவன் விளங்கிக்கொள்ளுவான்.”

5

அடுத்த நாள் சிவபாலன் அண்ணையின் வீட்டுக்குப் போனேன். டிரெஸ்டனில் படிக்கும் மூத்த மகள் நிரோஷாவும் வந்திருந்தாள். நடந்ததை ஒரு சொல்லும் கூட்டாமல் குறைக்காமல் சொன்னேன். அண்ணை தலையை மெல்ல ஆட்டினார்.

“அவர் சொல்லுறது சரி. நான் கேட்டிருக்கக் கூடாது. விடு தங்கச்சி.”

நிரோஷா விடவில்லை.

“ஏன் அப்பா அங்க கேக்கிறீங்கள்? அபி அந்த ஸ்கூலைக் கண்டதுமில்லை. அவள் ஓடினது இஞ்ச. ரெண்டு ட்ராம் ஸ்டேஷன் தள்ளி.”

“எனக்குத் தெரியும் பிள்ளை.”

“இல்லை, உங்களுக்குத் தெரியாது. ஒரு போட்டிக்கும் நீங்கள் வரேல்லை. எல்லாம் சனிக்கிழமை. சனிக்கிழமை எண்டா உங்களுக்குச் சங்கம். ஆரோ பிள்ளையளின்ர சப்பாத்துக்கு நீங்கள் போவீங்கள். அவளின்ர சப்பாத்து என்ன நிறம் எண்டு தெரியுமோ?”

“நிரோ!” என்றார் மலர் அக்கா.

“விடுமப்பா, அவள் சொல்லட்டும்” என்றார் அண்ணை. ஆனால் நிரோஷா அதற்கு மேல் சொல்லவில்லை. அழுதாள். தந்தை அவளை நெருங்கிப் போனார். கையை எங்கே வைப்பது என்று தெரியாதவர்போல நின்று, பின்பு அவள் தலையில் வைத்தார்.

அவருக்காக நான் வாதாட நினைத்தேன். அவர் சேர்த்த கொடையால் சப்பாத்து அணிந்த பிள்ளைகளை நான் அறிவேன். அவர்களுள் ஒருத்தி இன்று மாகாண அணியில் இருக்கிறாள். தன் பிள்ளையும் அப்படித்தான் எங்கோ ஓடிக்கொண்டிருக்கிறாள், ஜேர்மனியில் அவளுக்கு எல்லாம் இருக்கிறது, இல்லாதவர்களுக்கல்லவா ஆள் வேண்டும் என்று அவர் நம்பினார். அந்த நம்பிக்கையில் தன்னலம் சிறிதும் இல்லை. ஆனால் அந்த அறையில் அதை எடுத்துச் சொல்ல எனக்கு என்ன உரிமை?

அந்த ஆண்டுக்கான சப்பாத்துகளுக்கும் அவர் வழக்கம்போலக் கொடுத்தார். பெயர் எதுவும் போடவேண்டாம் என்றார்.

6

ஆட்டைத் திவசச் சனிக்கிழமை. சிவபாலன் அண்ணையின் வீட்டில் ஐயர் வந்து கிரியைகளை முடித்துப் போனார். படையலும் சாப்பாடும் முடிந்தன. ஊரில் போட்டிகள் அதற்குள் நிறைவடைந்திருந்தன. அன்று காலை அண்ணை தொலைக்காட்சியில் நேரலையைப் போடவில்லை. வசந்தி கிண்ணத்தை யாரோ ஒரு பிள்ளை வென்றிருப்பாள். அருளம்பலம் அண்ணை கொலோனில் தனியே அந்தப் பெயரைக் கேட்டிருப்பார்.

சிவபாலன் அண்ணை வேட்டியை மாற்றி, குளிருக்கு உரிய உடைகளை அணிந்துகொண்டு வந்தார்.

“நிரோ, அந்த மைதானத்தைத் திறந்து காட்டச் சொல்லிக் கேக்கலாமோ?”

நிரோஷா தாயைப் பார்த்தாள். பின்பு, கழகத்துப் பயிற்றுநரை அழைத்தாள். அவர் சாவியோடு வந்து வாயிலைத் திறந்துவிட்டு, நாங்கள் தமிழில் பேசவேண்டும் என்பதற்காகவோ என்னவோ, தன் காருக்குள் போய் அமர்ந்துகொண்டார்.

மாசி மாதத்து மாலை. சிவந்த ஓடுபாதையின்மேல் மாவு தூவியதுபோல் பனி. கோடுகள் ஆங்காங்கே மறைந்திருந்தன. அண்ணை ஓடுபாதையின் வெளிக்கம்பியைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். கொடை சேர்த்த கை அது. எத்தனை கதவுகளைத் தட்டியிருக்கும்.

“நீர் எங்க நிண்டு பாக்கிறனீர்?” என்று மனைவியிடம் கேட்டார்.

மலர் அக்கா அவரைக் கடைசி வளைவின் அருகே கூட்டிப்போனார். “இஞ்சதான். இஞ்ச நிண்டால்தான் அவள் சோர்றது தெரியும். சோரேக்க நான் பேரைச் சொல்லிக் கத்துவன். என்ர சத்தம் கேட்டா அவளுக்கு வெக்கம். வெக்கத்தில கெதியா ஓடுவாள்.”

“சப்பாத்து என்ன நிறம்?”

“மஞ்சள்” என்றாள் நிரோஷா.

அண்ணை அந்தச் சொல்லை வாய்க்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தார். பின்பு என் பக்கம் திரும்பினார்.

“தங்கச்சி, நீ ஒருக்கா அறிவி.”

“இங்கேயா, அண்ணை?”

“இஞ்சதானே அவள் ஓடினவள்.”

எத்தனையோ மேடைகளில் நின்றிருக்கிறேன். முதல் சொல்லுக்காக இவ்வளவு நேரம் எந்த மேடையிலும் நின்றதில்லை. ஒலிவாங்கி இல்லை. மக்கள் இல்லை. கல்லூரியில் எனக்குக் கற்றுத்தந்தபடி முதுகை நிமிர்த்தி, மூச்சை அடிவயிற்றிலிருந்து எடுத்து, மைதானத்தின் மறுகோடிக்குக் கேட்கும்படி அறிவித்தேன்.

“அடுத்து இடம்பெறுவது, அமரர் அபிநயா சிவபாலன் ஞாபகார்த்தக் கிண்ணத்துக்கான, பெண்கள் எண்ணூறு மீற்றர் ஓட்டம்.”

வேலிக்கு அப்பால் நாயோடு போன முதியவர் ஒருவர் நின்று பார்த்துவிட்டு நடந்தார். காரின் கண்ணாடிக்குப் பின்னால் பயிற்றுநர் தலை குனிந்தார்.

அண்ணையின் கண்கள் தொடக்கக் கோட்டில் இருந்தன. பின்பு அவை மெல்ல நகர்ந்தன. முதல் வளைவு, எதிர்ப்பக்கத்து நேர்கோடு, மரங்களுக்கு அருகே உள்ள வளைவு. அவருடைய முகம் அந்தப் பாதையோடு சேர்ந்து திரும்பியது. அவசரப்படவில்லை, ஓட்டத்தை அறிந்தவர் பார்க்கும் பார்வை அது. ஒரு சுற்று முடிந்தது. நிரோஷாவின் முகமும் திரும்புவதைக் கண்டேன். என்னுடையதும் திரும்பிக்கொண்டிருந்தது.

இரண்டாவது சுற்று கடைசி வளைவுக்கு வந்தபோது மலர் அக்கா கம்பியை இறுகப் பிடித்து, முழுக்குரலில் அழைத்தார்.

“அபீ!”

அண்ணை கம்பியைத் தாண்டி, பனியில் கால் பதித்து, முடிவுக்கோட்டை நோக்கி நடக்கத் தொடங்கினார்.